அரிவாள் வெட்டும் ஆபத்தான இரத்தப்போக்கும்
வைத்திய உதவி எட்டாத வயற்காட்டில் உடனே செய்யவேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் வருஷம் முழுவதும் ஏதேனும் ஒரு வெட்டு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. எறையூர், வேப்பந்தட்டைப் பக்கங்களில் கரும்பு வெட்டு. குன்னம், வேப்பூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் மக்காச்சோளத் தட்டை அறுப்பு. கொள்ளிடக் கரையை அடுத்த திருமானூர், தா. பழூர் வட்டாரங்களில் நெல் அறுவடை. ஆண்டிமடம், செந்துறை, ஜயங்கொண்டம் பக்கங்களில் முந்திரிக் கிளை கழித்தல். எங்கும் சீமைக்கருவேலம் வெட்டி நிலம் திருத்தல். இவ்வேலைகளில் அரிவாளும் கோடாலியும் மண்வெட்டியும் தட்டை வெட்டும் இயந்திரமும் மனிதன் கைக்கும் காலுக்கும் மிக அருகிலேயே ஓடுகின்றன. எத்தனை பழகிய கையாயினும், களைத்த மாலையில் ஒரு நொடி தவறுவது இயல்பே.

அவ்விதம் தவறும் இடம் பெரும்பாலும் ஊருக்குள் அன்று. வண்டிப் பாதையும் நேராகச் செல்லாத காட்டு மூலையிலேதான். பச்சைமலை அடிவாரத்துக் கொல்லையிலோ, ஓடைக்கு அப்பால் உள்ள கரும்புத் தோட்டத்திலோ வெட்டுண்டவனுக்கு வைத்தியர் வந்து சேரவும், வைத்தியரிடம் அவன் போய்ச் சேரவும் அரைமணி, ஒருமணி ஆகிவிடலாம். பெரிய இரத்தக் குழாய் அறுபட்டால் உயிர் அவ்வளவு நேரம் காத்திராது. சில நிமிஷங்களே உள்ளன. அந்நிமிஷங்களில் பக்கத்தில் நிற்பவர் குடியானவர், வைத்தியர் அல்லர். ஆகையால் அவர் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு முறைப்படி எடுத்துரைப்போம்.

1. இரத்தம் எவ்வளவு, இழப்பு எவ்வளவு

நன்கு வளர்ந்த ஒருவரின் உடலில், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 70 மில்லி லிட்டர் இரத்தம் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒரு கூலியாளுக்கு இது சற்றேறக்குறைய 4 லிட்டருக்குச் சிறிது மேற்படும். இதில் அரை லிட்டர் குறைந்தால் உடல் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். ஒன்றேகால் லிட்டர் குறைந்தால் நாடி விரைந்து, தோல் வெளிறிக் குளிர்ந்து, வியர்வை அரும்பி, மனம் தடுமாறும். பாதியை நெருங்கினால் உயிர் நிலைப்பது அரிது. ஒரு சிறு குடத்தை நிறைக்காத அளவே மனிதனின் இரத்தம் என்பதை நினைவிற் கொண்டால், தரையில் சிந்துவதை ஒருவரும் அலட்சியமாகப் பாரார்.

2. இரத்தப்போக்கின் வகைகள்

இரத்தம் மூன்று விதமாக வெளிப்படும். தோலின் நுண்குழாய்கள் அறுபட்டால் மெல்லக் கசியும். இது தானே நிற்கும். சிரை அறுபட்டால் கருஞ்சிவப்பாக, இடைவிடாது வழியும். தமனி அறுபட்டால் ஒளிர் சிவப்பாக, இருதயத் துடிப்புக்கு ஏற்ப விட்டுவிட்டுப் பீறிடும். பின்னது மிகவும் கொடியது. எனினும் காட்டில் நின்று தமனியா சிரையா என ஆராய்ந்துகொண்டிருத்தல் வேண்டா. பீறிட்டாலும், தரையில் தேங்கினாலும், உடுத்த துணி நனைந்து சொட்டினாலும், இது உயிருக்கு ஆபத்தான போக்கு என்றே கொண்டு வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

3. முதல் நிமிஷத்துச் செய்கைகள்

இயந்திரத்தினால் நேர்ந்ததாயின், முதலில் மின்சாரத்தையோ எஞ்சினையோ நிறுத்துக. ஓடும் இயந்திரத்திலிருந்து கையைப் பிடித்து இழுப்பவர் தம் கையையும் அதற்குக் கொடுத்துவிடுவார்.

அடுத்து, காயம்பட்டவரைப் படுக்க வைத்து, ஒருவரை 108-க்குப் பேசச் சொல்லுக. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ல் தொடங்கிய இவ்வண்டிச் சேவை கட்டணமற்றது. பேசுகிறவர், தாலூகா, ஊர், காட்டின் பெயர், அருகிலுள்ள கோவில் அல்லது பால் சங்கம், வண்டி எதுவரை வரக்கூடும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். அதன்பின் ஓர் ஆளைத் தார்ச்சாலை முனையில் நிறுத்துக. வழி தெரியாமல் வண்டி சுற்றிய பத்து நிமிஷம் ஒரு உயிரின் விலை ஆகலாம்.

பேசுகிறவரும் அழுத்துகிறவரும் வெவ்வேறு ஆட்களாயிருத்தல் நலம். ஒருவர் மட்டுமே இருப்பின் முதலில் அழுத்துக; ஒலிபெருக்கியில் கைப்பேசியை அருகே வைத்துப் பேசுக. பிறர் இரத்தம் தம் கையில் உள்ள புண்ணில் படாதிருக்க, உறையோ, அது கிடையாதபோது சுத்தமான பிளாஸ்டிக் பையோ கையில் அணிந்துகொள்ளலாம்.

4. அழுத்தமே தலையாய சிகிச்சை

துணியை விலக்கி, இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு, கிடைப்பவற்றுள் மிகச் சுத்தமான துணியை மடித்து அவ்விடத்தின்மேல் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் உடற்பாரம் முழுவதும் இறங்குமாறு அழுத்துக. வெளுத்த வேட்டித்துண்டு, துவைத்த துண்டு, புதுச் சேலையின் முந்தானை எதுவாயினும் சரி. துணி இல்லையேல் வெறுங்கையே போதும். கீழே கெட்டியான தரை இருந்தால் அழுத்தம் முறையாக நிற்கும்.

இவ்விடத்தே நம்மவர் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. அரை நிமிஷம் அழுத்திவிட்டு, நின்றதா என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். இரத்தம் உறைந்து வலைபோற் பின்னிக்கொள்ளச் சில நிமிஷங்கள் வேண்டும்; ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பின்னிய வலை கிழிகிறது. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம் கையை எடாது அழுத்துதல் வேண்டும். துணி நனைந்தால் அதன்மேல் வேறொன்றை வைத்து இன்னும் வலுவாக அழுத்துக. அப்போதும் வழிந்தால் கை சரியான இடத்தில் இல்லை என்று அறிந்து, ஒருமுறை விலக்கி, போக்கின் வாயைக் கண்டு அங்கேயே அழுத்துக.

ஆழமான காயமாயின் மேலே வைத்த துணி அடியில் உள்ள குழாயை எட்டாது. தொடையிடுக்கு, அக்குள், தோள் இவ்விடங்களில் துணியை நாடா போலாக்கிக் காயத்தின் உள்ளே, அடிவரை விரலால் திணித்து நிரப்பி, அதன்மேல் அழுத்துதல் வேண்டும். காண்பதற்குக் கடினமாயினும் உயிர் காப்பது இதுவே. மார்பிலும் வயிற்றிலும் இவ்விதம் திணித்தலாகாது. வயிற்றிலிருந்து குடல் வெளிவந்திருப்பின் அதை உள்ளே தள்ளாமல், ஈரமான சுத்தத் துணியால் மூடி வைக்க.

முள், கட்டை, இரும்புத் துண்டு முதலியன ஆழப் பதிந்திருப்பின் அவற்றைப் பிடுங்குதல் கூடாது. அறுந்த குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். சுற்றிலும் துணி அணைத்து, அசையாதபடி கட்டுக.

5. இறுக்குக் கட்டு: எப்போது, எவ்விதம்

கை அல்லது காலில் அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், அல்லது உறுப்பே துண்டாகிப் போனால், இறுக்குக் கட்டுப் போடுதல் வேண்டும். 1718-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து இரண சிகிச்சை வைத்தியர் ழான் லூயி பெத்தி என்பவர் திருகாணி வைத்த இறுக்குக் கட்டுச் சாதனத்தைச் செய்து காட்டினார். பிற்காலத்தில் உறுப்பு அழுகிவிடும் என்னும் அச்சத்தால் இதனைப் பலரும் ஒதுக்கினர். சமீபத்திய யுத்தங்களில் கிடைத்த அனுபவமோ, முறையாகக் கட்டி இரண்டு மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் சேர்த்தால் உறுப்புக்குக் கேடு அரிது, உயிரோ மிகுதியும் பிழைக்கிறது என்று தெளிவாக்கியிருக்கிறது.

முறை வருமாறு. குறைந்தது இரண்டு அங்குல அகலமுள்ள உறுதியான துணியைக் காயத்துக்கு மேலே, அதாவது காயத்துக்கும் உடலுக்கும் இடையே, இரண்டு மூன்று அங்குலம் தள்ளிச் சுற்றுக. முழங்கை, முழங்கால் மூட்டின்மேல் கட்டலாகாது. அங்கே காயமாயின் மூட்டுக்கு மேலே கட்டுக. ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் ஒரு சாண் நீளமுள்ள உறுதியான குச்சியை வைத்து மறுமுடிச்சிட்டு, இரத்தம் நிற்கும் வரை குச்சியைத் திருகுக. பின் குச்சி அவிழாதபடி வேறொரு துணியால் உறுப்போடு சேர்த்துக் கட்டுக. கட்டிய மணியைக் காயம்பட்டவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதிவிடுக.

கயிறு, கம்பி, செருப்பு வார் முதலிய மெல்லியவை தசையை அறுக்கும், அவை உதவா. அரைகுறையாக இறுக்குதல் கட்டாமல் விடுவதிலும் கெடுதலாம். ஏனெனில் ஆழத்தில் ஓடும் தமனியில் இரத்தம் உறுப்புக்குள் வந்துகொண்டே இருக்க, மேலோட்டமான சிரை மட்டும் அடைபட்டு, திரும்பிச் செல்ல வழியற்ற இரத்தம் காயத்தின் வழியே முன்னிலும் அதிகமாகப் பெருகும். முறையான கட்டு கடும் வலி தரும். வலிக்கிறது என்று தளர்த்தலாகாது. கட்டியபின் அவிழ்ப்பது வைத்தியர் வேலை.

இதனோடு பாம்புக் கடியைக் குழப்பிக்கொள்ளலாகாது. பாம்புக் கடிக்கு இறுக்கிக் கட்டுவது விஷத்தை ஓரிடத்தில் தேக்கி, உறுப்பையும் அழிக்கக்கூடும் என்பதால் விலக்கப்பட்டது. பீறிடும் இரத்தத்துக்கே இறுக்குக் கட்டு உரியது.

6. துண்டான விரலும் கையும்

தட்டை வெட்டும் இயந்திரத்தில் விரல் துண்டானால், முதலில் ஆளைப் பாருங்கள். பிறகு விரலைத் தேடுங்கள். அகப்பட்ட துண்டைத் தேய்த்துக் கழுவாமல், சுத்த ஜலத்தில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டுக் கட்டி, அப்பையை ஐஸ் கலந்த ஜலமுள்ள வேறொரு பையில் வைக்க. ஐஸ் நேரே துண்டில் படலாகாது. படின் தசை உறைந்து செத்துப்போகும். இவ்விதம் குளிர்ச்சியில் காத்த விரலைப் பல மணி நேரம் சென்றும் பொருத்த இயலும். தசை மிகுந்த கை, கால் துண்டுகளுக்கு ஆறு மணி நேரத்துக்குள் சேர்தல் நலம். பெயரும் மணியும் எழுதி, ஆளோடு அதே வண்டியில் அனுப்புக.

7. செய்யத்தகாதவை

சுசுருத சம்ஹிதையில் இரத்தத்தை நிறுத்தச் சந்தானம், ஸ்கந்தனம், பாசனம், தஹனம் என்று நான்கு உபாயங்கள் கூறப்பட்டுள்ளன. விளிம்புகளை ஒட்டச் செய்தல், உறையச் செய்தல், சாம்பலால் வற்றச் செய்தல், சுடுதல் என்பன அவை. தேர்ந்த இரண வைத்தியரின் கைக்கு அந்நாளில் உரியனவாயிருந்த இவற்றின் நிழலே போலும், இன்றும் நம் ஊர்களில் அடுப்புச் சாம்பல், காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், சாணம் எனக் கைக்கு எட்டியதை வெட்டுக் காயத்தில் அப்பும் வழக்கம் நிலவுகிறது. பெரும் போக்கை இவை நிறுத்தமாட்டா. அழுத்தத்துக்குரிய நிமிஷங்களைத் தின்றுவிடும். காயத்தினுள் அழுக்கைப் புதைக்கும். தையல் போடுமுன் வைத்தியர் அவற்றைச் சுரண்டி எடுக்க நேரும்.

வரப்பில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டின் சாற்றைச் சிறு கீறலுக்கு இடும் வழக்கமும் உண்டு. கீறலோடு நிற்கும்வரை அது பெரிய தீங்கில்லை. ஆழ்ந்த வெட்டில், மண் படிந்த இலையைக் கசக்கித் திணித்தல் ஆகாது. வீட்டு ஊசி நூலால் தைத்தலும், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுதலும் ஒருபோதும் கூடா. சாராயம் கொடுத்தலும் தவறு. மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை நடக்க வேண்டியிருக்கலாமாகையால், உண்ணவும் ஒன்றும் கொடாதிருத்தல் வேண்டும். நா வறண்டால் உதட்டை நனைக்கலாம். உடல் குளிராதபடி போர்வையால் மூடி, பேச்சுக் கொடுத்துக்கொண்டிருத்தல் நலம்.

8. நின்றபின் வரும் பகை: ரணஜன்னி

இரத்தம் நின்றுவிட்டதென்று வீட்டோடு இருந்துவிடுவோர் பலர். வயல் மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமியின் வித்துக்கள் நிறைந்துள்ளன. 1889-ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய கிடசாட்டோ இக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். காற்றுப் புகாத இடத்திலேதான் இது செழிக்கும். ஆகவே ஆழமாய், குறுகிய வாயுடன், மேலே சாணமோ சாம்பலோ அப்பி மூடப்பட்ட காயம் அதற்கு நல்ல நாற்றங்கால் ஆகிறது. பெரும்பாலும் மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் தாடை பூட்டிக்கொள்ளும். பிறகு உடல் வில்லாய் வளைந்து இசிவு காணும். வந்தபின் காப்பாற்றுவது கடினம்; வராமல் தடுப்பதோ ஓர் ஊசியில் அடங்கும்.

மண் பட்ட காயமாயின், கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர் ஒரு தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். முன்பு போட்டதே இல்லை, அல்லது நினைவில்லை என்பவர் அதை மறையாமல் வைத்தியரிடம் சொல்லுக. அவர்க்கு முழு வரிசை ஊசிகளும், உடனே காக்கும் வேறொரு மருந்தும் வேண்டியிருக்கும். தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கிறது.

இரத்தம் தானே நின்ற காயத்தைக் குடிக்கத்தக்க ஜலத்தால் தாராளமாகக் கழுவி, சுற்றுப்புறத்தைச் சோப்பால் சுத்தம் செய்து, துணியால் மூடி, அன்றே கூடியமட்டும் ஆறு மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் காட்டுக. பெரும் போக்கு உள்ள காயத்தையோ கழுவுதல் கூடாது. கழுவினால் உறைந்தது கரைந்து மறுபடியும் பெருகும். விரல் மடங்கவில்லை, நுனி மரத்துப்போயிற்று என்றால் நரம்போ தசைநாணோ அறுந்திருக்கும். காயம் சிறிதாயினும் இதைத் தாமதித்தலாகாது. தாமதித்தால் ஆயுள் முழுவதும் அரிவாள் பிடிக்க இயலாத கையாகிவிடும்.

9. ஓர் உதாரணம்

ஒரே மாலையில் இரு தோட்டங்களில் ஒரே விதமான வெட்டு நேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கரும்பு வெட்டும் ஆள் ஒருவனின் முழங்காலுக்குக் கீழே அரிவாள் ஆழப் பாய்ந்தது. முதல் தோட்டத்தில் பதறிய கூட்டம் காப்பித்தூளுக்கு ஓடிற்று. துணியைச் சுற்றுவதும் அவிழ்த்துப் பார்ப்பதுமாகக் கால் மணி போயிற்று. பிறகு இருசக்கர வண்டியில் நடுவே உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். வழியிலேயே அவன் தலை சாய்ந்தது. இரண்டாவது தோட்டத்தில் பண்ணைக்காரர் தம் தோள் துண்டை மடித்து வைத்து மண்டியிட்டு அழுத்தினார். நிற்காமை கண்டு, குச்சி வைத்து முழங்காலுக்கு மேல் கட்டி மணி எழுதினார். படுத்தபடியே வண்டி ஏற்றினார். செலவழிந்தது ஒரு துண்டும் ஒரு குச்சியும். ஆள் பிழைத்தான். இரு தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரியின் தூரம் ஒன்றே. அதை மாற்ற நம்மால் ஆகாது. முதல் பத்து நிமிஷத்தை மாற்ற ஆகும்.

10. எங்கே கொண்டு சேர்ப்பது

பெரம்பலூரில் ஜில்லாத் தலைமை அரசாங்க ஆஸ்பத்திரியும், அரியலூரில் 2022-ஆம் ஆண்டு ஜனவரி 12-ல் திறக்கப்பெற்ற அரசாங்க மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆஸ்பத்திரியும் உள்ளன. இரத்தக் குழாயை ஒட்டும் நுட்ப சிகிச்சை தேவைப்படின் திருச்சிராப்பள்ளிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்ப நேரலாம். ஆகையால் அருகில் எவ்வைத்தியசாலை எவ்வேளையில் திறந்திருக்கிறது என்பதை அறுவடை தொடங்குமுன்பே அறிந்துவைத்தல் நலம்.

போலீஸ் விசாரணைக்கு அஞ்சிக் காயம்பட்டவரை வீட்டில் ஒளிப்பதும், எழுத்து வேலை முடியட்டும் என்று காக்க வைப்பதும் பெருங்குற்றமாகும். உயிர் காக்கும் சிகிச்சையே முதற்கடமை. சட்டச் சடங்குகள் அதைத் தாமதிக்கச் செய்தலாகாது என்று 1989-ஆம் ஆண்டு பரமானந்த கடாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. அரசாங்க வைத்தியர்க்கும் தனியார் வைத்தியர்க்கும் இது பொது.

11. பண்ணைக்காரரும் கிராம உத்தியோகஸ்தரும் செய்யத்தக்கவை

கூலிக்கு ஆள் அமர்த்துகிற ஒவ்வொரு பண்ணைக்காரரும் களத்துக்கு ஒரு பெட்டி அனுப்புதல் வேண்டும். துவைத்து இஸ்திரி போட்டு மடித்த வெள்ளைத்துணி ஆறு, அகலமான சுருள் துணி நான்கு, கட்டுக்கான இரண்டங்குலப் பட்டை, ஒரு சாண் குச்சி, கத்தரிக்கோல், கையுறை, சோப்பு, கைவிளக்கு, நீர் புகாத பைகள், பேனா ஆகிய இவை போதும். இதன் விலை ஓர் ஆளின் ஒரு நாள் கூலியை ஒட்டியே நிற்கும். அரிவாளைப் பிடி தளராமலும் முனை மழுங்காமலும் வைத்திருத்தல், வெட்டுவோருக்கு இடையே கை வீச்சினும் அதிக இடைவெளி விடுதல், இருட்டியபின் வேலை வாங்காதிருத்தல், தட்டை வெட்டும் இயந்திரத்தின் வாய்க்கு மூடி போடுதல் ஆகியவை பெட்டியினும் முந்தியவை. கதிரடிக்கும் இயந்திரங்களால் கை இழந்தோர் மிகுந்தமையாலேயே 1983-ஆம் ஆண்டில் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய சட்டம் பிறந்தது என்பதை இயந்திரச் சொந்தக்காரர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், எந்தக் காட்டுக்கு எவ்வழி வண்டி செல்லும் என்று குறித்த வரைபடம் ஒன்றை எழுதி, ரேஷன் கடையிலும் பால் சங்கத்திலும் ஒட்டிவைக்கலாம். சுகாதார நிலையத்து வைத்தியரையோ செவிலியரையோ அழைத்து, அறுவடைக்கு முன் ஒரு மாலை, அழுத்தும் முறையையும் இறுக்குக் கட்டையும் கைப்பழக்கமாகக் கற்பிக்கச் செய்யலாம். படித்தறிந்தது பதற்றத்தில் மறக்கும்; கை பழகியது மறவாது. பெண்களையும் தவறாது அழைக்க வேண்டும். களத்தில் பாதிப்பேர் அவர்களே.

ஆகவே இவ்விதழை வாசிப்பவர் இன்றே தம் வீட்டில் ஒரு துண்டையும் ஒரு குச்சியையும் எடுத்து, மகனுடைய காலிலோ தம் காலிலோ கட்டிப் பார்த்து, வலி காணுமுன் அவிழ்த்துவிடுவாராக. பயிர் ஒரு போகம் கெட்டால் மறுபோகம் விளையும். நம்மை நம்பிக் களத்தில் இறங்கியவனின் உயிர் அவ்விதம் விளைவதன்று.